மணல், சுமை, உப்புத் தண்ணீர்: கடலூர்ப் பக்கம் எலெக்ட்ரிக் வேலை வண்டி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டி முந்திரித் தோப்புக்குள் உர மூட்டை ஏற்றிப் போக வேண்டும், முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி எடுத்து வர வேண்டும், அதே வண்டியில் சிப்காட்டுக்கோ பாண்டிச்சேரிக்கோ வேலைக்கும் போய் வர வேண்டும். இதற்கெல்லாம் எலெக்ட்ரிக் டூவீலர் தாங்குமா என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். தாங்கும். நியூசிலாந்தில் யூப்கோ என்ற நிறுவனம் விவசாய வேலைக்கென்றே வண்டி செய்து ஓட்டிக் காட்டியிருக்கிறது. ஆனால் ஷோரூமில் சொல்லும் கணக்கு எல்லாம் தார் ரோடு, ஒற்றை ஆள், நல்ல தண்ணீர் என்ற மூன்றையும் வைத்துப் போட்டது. நம் பக்கத்து வேலையில் இந்த மூன்றுமே கிடையாது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் மைலேஜ். ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போடுவது, ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த அளவு. அதை அப்படியே நம்பாமல் பேட்டரி எத்தனை யூனிட் என்று கேளுங்கள். கிலோவாட்-அவர் (kWh) என்று கடைக்காரர்கள் சொல்வது கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். தார் ரோட்டில் நிதானமாக ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். பின்னால் மூட்டை, கீழே மணல் என்றால் பாதியாகவும் குறையலாம். கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போய்வர ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இரண்டு யூனிட் பேட்டரி வேலைக்குப் போய்வரப் போதும், ஆனால் அதே நாளில் தோப்பு வேலையும் இருந்தால் இழுபறிதான்.

அடுத்தது மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வண்டிகள் விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. ரோட்டுக்கு அது போதும். ஆனால் மணலில் சுமையோடு ஊர்ந்து போகும்போது வேகம் குறைவாகவும் இழுவை அதிகமாகவும் இருப்பதால், மோட்டாருக்குள் போகும் கரண்ட் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. ஓர் அளவுக்கு மேல் போனால், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகவே இழுவையைக் குறைத்துவிடும். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்குவார்கள், சூடு இன்னும் ஏறும். தோப்பு வேலைக்கு நடுவில் மோட்டார் வைத்து, செயினோ பெல்ட்டோ வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றும் வண்டியே மேல். டெஸ்ட் டிரைவ் கேட்டால் பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தாழங்குடா பக்கமோ உங்கள் தோப்புப் பாதையிலோ, வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

இனி உப்புத் தண்ணீர். இதுதான் நம் கடற்கரை வண்டிகளைத் தின்கிறது, இதைப் பற்றித்தான் விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. ஐபி67 என்று எழுதியிருப்பதைக் காட்டி, தண்ணீரில் மூழ்கினாலும் ஒன்றும் ஆகாது என்பார்கள். ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதன் அர்த்தம். அதுவும் புதிதாக, சீல் முழுசாக இருக்கும்போது எடுத்த சோதனை. உப்பங்கழி ஓரமாகத் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தச் சான்று பாதுகாப்பு ஆகாது.

மீன் வண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் உருகி, மீன் கழுவிய உப்புத் தண்ணீரோடு சேர்ந்து, பெட்டி மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக சீட் இடுக்கு வழியே இறங்கும். கீழே பேட்டரி இணைப்பு, சார்ஜிங் பாயின்ட். ஒரு மழைக்காலம் போவதற்குள் அந்தச் செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். களிம்பு ஏறிய இடத்தில் கரண்ட் தடுமாறும், தடுமாறும் இடம் சூடாகும், பிளாஸ்டிக் இளகும். பேட்டரி போய்விட்டது என்று வரும் வண்டிகளில் சிலவற்றில் பேட்டரி நன்றாகவே இருக்கும், இணைப்புதான் வெந்திருக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக்காக இருந்தால் "மழைத் தண்ணியா, கடல் தண்ணியா அண்ணே?" என்றுதான் முதலில் கேட்பார்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பெட்டிக்கு அடியில் விளிம்பு வைத்த தட்டு போட்டு, ஒரு சின்ன டியூப் வழியாகத் தண்ணீர் பின்சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி செய்யுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஈரத்துணி நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். வாட்டர் வாஷ் கடையில் பிரஷராக அடிக்க விடாதீர்கள், உப்பு வெளியேறுவதற்குப் பதில் சீலுக்குள் போய்விடும். இணைப்புகளுக்கு அவ்வப்போது சிலிகான் கிரீஸ் வையுங்கள்.

வெள்ளம் இன்னும் ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் மூழ்கிய வண்டியை வெயிலில் காயவைத்து, ஓடுகிறதா பார்ப்போம் என்று சார்ஜ் போடுவது உயிருக்கே ஆபத்து. உள்ளே உப்பு தங்கிவிட்டால் சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். 2022இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு, கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் அப்படித்தான் எரிந்தன. மூழ்கிய வண்டியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். மழை எச்சரிக்கை வந்ததுமே மேட்டில் ஏற்றி வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

சார்ஜ் போடும் விஷயத்தில் இரண்டு பழக்கங்களை விட வேண்டும். கத்திரி வெயிலில் ஓட்டி வந்து, தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி, அந்தச் சூட்டோடேயே பிளக்கைச் சொருகாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். அப்புறம், பம்ப்செட்டின் இலவச மின்சாரத்தில் வண்டிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும் தந்த இணைப்பு, பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். வாங்கும்போது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி உள்ள மாடல் இருந்தால் அதையே எடுங்கள். எடை கொஞ்சம் கூடுதல், ஆனால் சூட்டையும் தினசரி சார்ஜையும் அதிகம் தாங்கும்.

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் என்றால்தான் பதிவும் லைசென்சும் வேண்டாம். அந்த வண்டி மூட்டை இழுக்காது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுத்து வேகம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது. பாண்டிச்சேரி நம்பரில் வாங்கிக் கடலூரிலேயே ஓட்டுகிறவர்கள், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இந்த வண்டிகளை வேட்டைக்குக் கொண்டுபோவதைக் காட்டுகிறார்கள். சத்தம் வராததால் மான் மிரளாது என்பது அவர்களுக்கு வசதி, அங்கே அனுமதி பெற்று வேட்டையாடலாம். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலோ கௌதாரியோ பிடித்தாலும் குற்றம், வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். காட்டுப்பன்றி தோட்டத்தை அழித்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். சத்தம் இல்லாதது தெருவில் வேறு விதமான சிக்கல். ஆடு, மாடு, காது மந்தமான பெரியவர்கள் யாருக்கும் வண்டி வருவது தெரியாது. திருப்பத்தில் ஹாரன் அடித்தே ஆக வேண்டும்.

கடைசியாக வாரன்டி. சில நிறுவனங்கள் சரக்கு ஏற்றும் தொழிலுக்கு ஓட்டினால் பேட்டரி வாரன்டி செல்லாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். என்ன வேலைக்கு, எவ்வளவு சுமைக்கு வாங்குகிறீர்கள் என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பேட்டரியும் கன்ட்ரோலரும் போனால் கடலூரிலேயே மாற்றித் தருவார்களா, சென்னைக்கு அனுப்பி வாரக்கணக்கில் காக்க வைப்பார்களா என்பதையும் முன்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.