மண்ணில் தங்கிய மருந்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் தடவை பூச்சிமருந்து, களைக்கொல்லி எச்சம் பார்க்க மண் கொடுத்தபோது, சத்துப் பரிசோதனைக்குச் செய்வதுபோலவே வெயிலில் நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் இருந்தவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சில மருந்துகள் வெயிலிலேயே சிதைந்துவிடும், சில ஆவியாகிவிடும், சில பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்றார். ஒரு நாள் வேலை வீண்.

இப்போது செய்வது இதுதான். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15, 20 இடங்களில் வி வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்கிறேன். வரப்போரமும் எருக்குழியும் வேண்டாம். மருந்து கலக்கிய இடம் தனி மாதிரி. கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வெளிச்சம் படாமல் ஐஸ் பெட்டியில் வைக்கிறேன். அடித்த மருந்துகளின் பட்டியலும் கூடவே போக வேண்டும். பல மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் வழக்கமான சோதனையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி சிக்காது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன்? களைக்கொல்லிச் சந்தேகத்துக்குத் தொட்டி போதும். சில தொட்டிகளில் சந்தேக மண், சிலவற்றில் மருந்தே படாத அதே வகை மண். இரண்டிலும் பீன்ஸ், வெள்ளரி, மக்காச்சோளம் விதைத்து மூன்று வாரம் பாருங்கள். முளைத்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். அட்ரசின் என்ற களைக்கொல்லி முளைப்பைத் தடுக்காது. விதையில் இருக்கும் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் பீன்ஸ் இலையின் ஓரம் மஞ்சளாகிக் கருகும். பக்கத்திலேயே மக்காச்சோளம் செழித்து நிற்கும், அதற்கு அட்ரசினைச் செயலிழக்கவைக்கத் தெரியும். அதன் பச்சையைப் பார்த்து மண் சுத்தம் என்று நானும் ஒரு பருவம் ஏமாந்திருக்கிறேன்.

பூச்சிமருந்துக்கு மண்புழுவைக் கேட்கலாம். ஒரு பெட்டியின் நடுவே அட்டையை நிறுத்தி, ஒரு பக்கம் சந்தேக மண், மறுபக்கம் நல்ல மண், இரண்டிலும் ஒரே ஈரம். அட்டையை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் பத்துப் புழுக்களை விட்டு மூடுங்கள். 48 மணி நேரம் கழித்து அட்டையை மறுபடி செருகி இரு பக்கமும் எண்ணுங்கள். எட்டுக்கு மேல் நல்ல மண்ணுக்குப் போயிருந்தால் அந்த நிலம் புழு வாழத் தகுதி குறைந்தது. ஒரே முறையில் முடிவுகட்டாமல் நாலைந்து பெட்டிகள் வையுங்கள். இரு பக்கமும் நல்ல மண் போட்ட பெட்டி ஒன்றும் வேண்டும். புழுக்கள் சும்மாவே ஒரு மூலையில் கூடிக்கொள்ளும் பழக்கம் உள்ளவை.

ஆனால் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து விஷயத்தில் புழுவை நம்ப வேண்டாம். 1950களில் அமெரிக்காவில் எல்ம் மரங்களுக்கு அடித்த டி.டி.டி. இலைச்சருகோடு மண்ணுக்கு வந்தது. மண்புழுக்கள் அதை உடம்பில் சேர்த்துக்கொண்டு உயிரோடுதான் இருந்தன. அவற்றைத் தின்ற ராபின் பறவைகள் செத்தன. முன்பு டி.டி.டி. அடித்த நிலம் என்றால் மண் பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பி, அது சிதைந்து உண்டாகும் டி.டி.ஈ.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.