முதல் சட்ட நிறுவன இன்டர்ன்ஷிப்: விண்ணப்பம் முதல் நேர்காணல் வரை

சட்டக் கல்லூரியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே "இன்டர்ன்ஷிப் எங்கே போறே?" என்ற கேள்வி வர ஆரம்பித்துவிடும். குடும்பத்தில் வக்கீல் இருந்தால் ஒரு போன் காலில் முடிகிற விஷயம். இல்லாதவர்களுக்கு யாரைக் கேட்பது, என்ன எழுதுவது என்பதே பெரிய குழப்பம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்துச் சொல்கிறேன். மும்பை, டெல்லி நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிற அசோசியேட்டுக்கு (நிறுவனத்தில் வேலை பார்க்கும் வக்கீலுக்கு) இருப்பது ஒரே ஒரு சந்தேகம். இவரிடம் காலையில் ஒரு ரிசர்ச் கேள்வியைக் கொடுத்தால், சாயங்காலம் நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய பதில் வருமா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற எதுவும் விண்ணப்பத்தில் இருக்கலாம். தீர்க்காத எதுவும் அங்கே வெறும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

படி 1: விதியைப் பாருங்கள்

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்று வருடப் படிப்பில் குறைந்தது 12 வாரமும், ஐந்து வருடப் படிப்பில் குறைந்தது 20 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். எந்த வருடத்திலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் ஆஜராகும் வக்கீல்களிடம் ஒரு முறையாவது போயிருக்க வேண்டும். ஆக, எல்லா வாரத்தையும் கார்ப்பரேட் நிறுவனத்திலேயே கழித்துவிடலாம் என்ற கணக்கு நடக்காது. நடக்காததும் நல்லதுதான். ஒரு குறுக்கு விசாரணையைக்கூட நேரில் பார்க்காமல் ஒப்பந்தம் எழுதப் போகிறவருக்கு, அந்த ஒப்பந்தம் நாளை எங்கே போய் நிற்கும் என்பது தெரியாது.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் இரண்டு வருடத்தில் விசாரணை நீதிமன்ற வக்கீல் அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. நடுவில் உயர் நீதிமன்ற அலுவலகம் ஒன்று. சட்ட நிறுவனம் அதற்கு அப்புறம். பெரிய நிறுவனங்கள் பலவும் மேல் வகுப்பு மாணவர்களைத்தான் எடுக்கின்றன. விண்ணப்பமும் பல மாதம் முன்பே அவர்களுடைய இணையதளம் வழியாகப் போக வேண்டும். மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஏப்ரலில் எழுதினால் பதிலே வராது.

சென்னையில் இன்னொரு உலகமும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு பக்கம் மாடிக்கு மாடி வக்கீல் அலுவலகங்கள். நான்கைந்து பேர் கொண்ட ஒரு சின்ன நிறுவனத்தில் முதல் வாரமே மனு வரைவு உங்கள் கைக்கு வரும். பெரிய நிறுவனத்தின் பெயர் சிவியில் அழகாக இருக்கும், சின்ன இடத்தில் செய்து கற்றுக்கொள்ள வேலை கிடைக்கும். முதல் முறை என்றால் சின்ன இடத்துக்குத்தான் என் ஓட்டு.

படி 3: விண்ணப்பிக்கும் முன் ஒரு மெமோ எழுதுங்கள்

எல்லோரும் சிவியில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் இரண்டு பக்க ஆராய்ச்சிக் குறிப்பு ஒன்றில் ஆரம்பியுங்கள். யாரும் கேட்க வேண்டாம், நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு இது:

"மென்பொருள் நிறுவன ஊழியர் ஒருவர், வேலையை விட்ட பின் ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்டுவதாக பாண்டும் கொடுத்திருக்கிறார். ஒரே வருடத்தில் விலகிவிட்டார். நிறுவனம் என்ன செய்யலாம்?"

முதலில் சட்டப் பிரிவு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அப்புறம் தீர்ப்புகள். வேலையில் இருக்க வேண்டிய காலத்துக்கான கட்டுப்பாடு செல்லும் என்பதற்கு நிரஞ்சன் சங்கர் கோலிகாரி வழக்கு, 1967. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிப்போட முடியாது என்பதற்கு பெர்செப்ட் டி'மார்க் வழக்கு, 2006. எதிர்த் தரப்பில் இருந்தவர் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் என்பதால் பெயர் மறக்காது. பாண்டு பணத்துக்கு விஜயா வங்கி வழக்கு, 2025. குறைந்தது மூன்று வருடம் வேலை, இல்லாவிட்டால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை 27-ஆம் பிரிவுக்கு விரோதமில்லை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. ஆளெடுக்க அதற்கு ஆகும் செலவும் நடைமுறையும் வேறு. நம் கேள்வியில் இருப்பது தனியார் நிறுவனம். அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் முக்கியம், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்பே எழுதிவைத்த தொகை பற்றிய 74-ஆம் பிரிவின்படி முழுத் தொகையும் கிடைக்குமா என்று யோசித்து எழுதுகிற இடத்தில்தான் உங்கள் மெமோ மற்றவர்களுடையதிலிருந்து பிரிகிறது.

அமைப்பு எளிது. மேலே கேள்வி, உடனே நான்கு வரியில் பதில், பிறகு காரணம், கடைசியில் எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்பது. பதிலைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பது பரீட்சைப் பழக்கம். பார்ட்னர், அதாவது நிறுவனத்தின் பங்குதாரரான மூத்த வக்கீல், முதல் பத்தியைத் தாண்டிப் படிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

தேடுவதற்குப் பணம் வேண்டாம். இந்தியன் கானூன் தளம் இலவசம், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்புத் தளமான இ-எஸ்சிஆர் இலவசம். கல்லூரி நூலகத்தில் எஸ்சிசி ஆன்லைனோ மனுபத்ராவோ (இரண்டும் கட்டணத் தீர்ப்புத் தளங்கள்) இருந்தால், நீங்கள் எடுத்த தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டிருக்கிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பின் மேலே சுருக்கமாகப் போட்டிருக்கும் தலைப்புக் குறிப்பை (ஹெட்நோட்) மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். அது தீர்ப்பின் பகுதி இல்லை. எந்தப் பத்தியில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்று எண்ணோடு எழுதுங்கள்.

சாட்ஜிபிடி பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், அது கற்பனையாகக் கொடுத்த வழக்குகளை அப்படியே மனுவில் போட்டு, ஐயாயிரம் டாலர் அபராதம் வாங்கினார்கள். கருவியைப் பயன்படுத்துவது உங்கள் விருப்பம். தீர்ப்பைத் திறந்து கண்ணால் பார்க்காமல் ஒரு மேற்கோள்கூட மெமோவில் ஏறக்கூடாது.

படி 4: சிவி

ஒரு பக்கம். முந்தைய அனுபவம் நிறைய இருந்தால் இரண்டு. படிப்பு, இன்டர்ன்ஷிப், மூட் கோர்ட் (மாணவர்களுக்கான மாதிரி வழக்குப் போட்டி), எழுதிய கட்டுரை, மொழிகள், அவ்வளவுதான். வெபினார் சான்றிதழ்கள் பதினைந்தை வரிசையாகப் போடுவது இப்போது எல்லா சிவியிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். "சட்ட ஆராய்ச்சி செய்தேன்" என்று பொதுவாக எழுதாமல், "வாடகை வழக்கில் பதில் மனுவின் முதல் வரைவைத் தயாரித்தேன்" என்பதுபோல் செய்ததைச் சொல்லுங்கள். கட்சிக்காரர் பெயர் மட்டும் வரக்கூடாது.

குற்றவியல் பகுதியில் ஒரு கவனம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் மூன்றும் பழைய தண்டனை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டங்களுக்குப் பதிலாக அமலில் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் என்பதால், எந்த வழக்கில் எது பொருந்துகிறதோ அந்தப் பெயரை எழுதுங்கள். இதில் தடுமாறும் சிவி உடனே கண்ணில் படும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் அதை மறைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு இது புரியவே இல்லை. நிலம் சம்பந்தப்பட்ட வேலை செய்யும் நிறுவனத்தில் தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கட்டுக்கட்டாகத் தமிழில்தான் வரும். முப்பது வருடத்துக்கு முந்தைய கையெழுத்துப் பத்திரத்தில் "நான்கு மால்" (நிலத்தின் நான்கு பக்க) எல்லையை வாசித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதத் தெரிந்த இன்டர்னுக்கு அங்கே தனி மரியாதை. உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒரு முறை செய்து பாருங்கள். செய்துவிட்டு, தமிழ்ச் சொத்து ஆவணங்களைப் படித்துச் சுருக்கத் தெரியும் என்று சிவியில் தைரியமாக எழுதுங்கள்.

படி 5: மின்னஞ்சல்

ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவே: நீங்கள் யார், எந்த வருடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், எந்தப் பிரிவில் வேலை செய்ய விருப்பம், ஏன் இந்த நிறுவனம், இணைப்பில் சிவியும் மெமோவும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. தேதியைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

"ஏன் இந்த நிறுவனம்" என்ற வரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில்" என்று ஆரம்பித்தால், அதே கடிதம் இன்னும் ஐம்பது இடத்துக்குப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிறுவனம் நடத்திய ஒரு வழக்கையோ, அவர்களுடைய இணையதளத்தில் வந்த ஒரு கட்டுரையையோ படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். பெயரையும் சரிபாருங்கள். அமர்சந்த் மங்கள்தாஸ் 2015-இல் சகோதரர்களுக்கு இடையே பிரிந்து சிரில் அமர்சந்த், ஷார்துல் அமர்சந்த் என்று இரண்டு நிறுவனங்களானது. ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் மற்றவர் பெயர் வந்தால் அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். பெண் பார்ட்னருக்கு "ரெஸ்பெக்டெட் சார்" என்று போகிற கடிதமும் அப்படித்தான்.

படி 6: நேர்காணல்

இன்டர்ன்ஷிப் நேர்காணல் பெரும்பாலும் போனிலோ வீடியோவிலோ சுருக்கமாக முடிந்துவிடும். கேள்விகள் வானத்திலிருந்து குதிப்பதில்லை; உங்கள் சிவியிலிருந்துதான் வரும். அதனால் சிவியை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிராக மூன்று கேள்வி எழுதுங்கள். மூட் கோர்ட் என்று போட்டிருந்தால், "எதிர்த் தரப்பின் பலமான வாதம் எது?" என்று கேட்பார்கள். நடுவர் தீர்ப்பாயச் (ஆர்பிட்ரேஷன்) சட்டத்தில் ஆர்வம் என்று எழுதியிருந்தால், 9-ஆம் பிரிவுக்கும் 17-ஆம் பிரிவுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி வராமல் இருக்காது. முன்னது நீதிமன்றம் தரும் இடைக்கால நிவாரணம், பின்னது தீர்ப்பாயமே தருவது. இதற்குத் திணறினால் "ஆர்வம்" என்ற சொல் வீண்.

"சமீபத்தில் படித்த தீர்ப்பு எது?" என்பது நிச்சயக் கேள்வி. ஒன்றே ஒன்றை முழுதாகப் படித்து வையுங்கள். என் சிபாரிசு காயத்ரி பாலசாமி வழக்கு. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கொடுத்தது. வழக்கு போனது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து. நடுவர் தீர்ப்பாயம் இரண்டு கோடி கொடுக்கச் சொன்னது, தனி நீதிபதி மேலும் 1.6 கோடி சேர்த்தார், இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கூடுதல் தொகையை ஐம்பதாயிரமாகக் குறைத்தது. நடுவர் தீர்ப்பை ரத்து செய்ய மட்டுமே நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா, திருத்தவும் முடியுமா என்பதுதான் கேள்வி. குறைந்த அளவில் திருத்தலாம் என்று நால்வர் சொன்னார்கள், நீதிபதி கே.வி. விஸ்வநாதன் மாறுபட்டார். அந்த மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள். "உங்களுக்கு எந்தப் பக்கம் சரி என்று படுகிறது?" என்பது அடுத்த கேள்வியாக வரும், இரண்டையும் படித்தவரால்தான் அங்கே பேச முடியும்.

பதில் சொல்லும் வரிசையும் மெமோவில் உள்ளதுதான்: முதலில் முடிவு, பிறகு பிரிவு, பிறகு தீர்ப்பு. தெரியாத கேள்வி வந்தால், "பிரிவு எண் நினைவில்லை சார், ஒப்பந்தச் சட்டத்தில் இழப்பீடு பற்றிய பகுதியில் முதலில் தேடுவேன்" என்று எங்கே தேடுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இன்டர்னிடம் எதிர்பார்ப்பது தேடும் திறமையைத்தான். ஊகித்து அடித்துவிடுகிறவரை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது என்ற பயம் நிறையப் பேருக்கு. வேகத்தைக் குறையுங்கள், சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். மெமோவை நண்பரிடம் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் விளக்கிப் பழகுங்கள். அவர் சட்டம் படிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. நேர்காணல் முடிவில் "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றால், இன்டர்ன் யாருக்கு ரிப்போர்ட் செய்வார், நீதிமன்றத்துக்கும் போக வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். உதவித்தொகை உண்டா என்று கேட்பதிலும் தவறில்லை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன 20,000, 15,000 ரூபாய் மாத உதவித்தொகை ஜூனியர் வக்கீல்களுக்கானது, இன்டர்னுக்கு இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

படி 7: பதில் வந்தால், வராவிட்டால்

வந்தால் கல்லூரியில் தடையில்லாக் கடிதம் வாங்குங்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு தயாராகட்டும். கவுன் வேண்டாம், அது வக்கீல்களுக்கு. தினமும் செய்த வேலையை டைரியில் எழுதி வையுங்கள், பார் கவுன்சில் விதியே அதைக் கேட்கிறது. கோப்புகளைப் போனில் படம் எடுக்காதீர்கள்.

வராவிட்டால், பத்து நாள் கழித்து அதே மின்னஞ்சலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல், ஒரே ஒரு முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் தேதியை மாற்றி அடுத்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். "ஏன் இந்த நிறுவனம்" வரியைப் புதிதாக எழுத மறக்காதீர்கள்.