தூர்வாரும் இடத்தில் ஆர்டிகே சர்வே: ஆரம்பிப்பவர்களுக்கு

தூர்வாரும் வேலையில் சண்டை வருவதெல்லாம் ஆழத்தில்தான். 10 ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் பிசகினால் 10,000 கன மீட்டர் மண் கணக்கில் உதைக்கும். சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் விலகும், உயரத்தில் இன்னும் மோசம். ஆர்டிகே என்பது கரையில் நிற்கும் பேஸ் ரிசீவர் அனுப்பும் திருத்தங்களை வைத்துப் படகிலுள்ள ரிசீவர் தன் இடத்தைக் கணிக்கும் முறை; அது சில சென்டிமீட்டருக்குள் நிற்கும். ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகம், ஒரு படகு, ஒரு எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) என்று வைத்துக்கொள்வோம்.

1. பேஸ் ரிசீவரை ஆயத்தொலைவும் உயரமும் தெரிந்த புள்ளியில், வானம் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். கிரேன், தகரக் கூரை பக்கம் வேண்டாம். சிக்னல் பட்டுத் தெறித்து வரும். படகு 10 கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது.

2. படகில் ஆன்டெனாவை டிரான்ஸ்டியூசருக்கு (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும் சவுண்டரின் தலை) நேர் மேலே, ஒரே கம்பத்தில் மாட்டுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள உயரத்தை டேப்பால் இரண்டு பேர் தனித்தனியாக அளக்கட்டும்.

3. திரையில் ‘ஃபிக்ஸ்’ வரும்வரை காத்திருங்கள். ஜிபிஎஸ்ஸின் எல்1 சிக்னலின் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். செயற்கைக்கோளுக்கும் நமக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்பதை ரிசீவர் உறுதிசெய்துவிட்டால் ஃபிக்ஸ்; இன்னும் உத்தேசத்தில் இருந்தால் ‘ஃப்ளோட்’. ஃப்ளோட்டில் எடுத்த ஆழத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

4. இனி உயரக் கணக்கு. புதியவர்கள் திணறுவது இங்கேதான். ரிசீவர் தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம் அல்ல, டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளத்திலிருந்து, அதாவது ஜிபிஎஸ் பூமிக்கு வைத்திருக்கும் கணித வடிவத்திலிருந்து. தமிழ்நாட்டுக் கரையில் கடல் மட்டமே அந்தக் கோளத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மைனஸ் எண்ணைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். உதாரணமாக:

ஆன்டெனா உயரம்: −88.40 மீ
ஆன்டெனா முதல் டிரான்ஸ்டியூசர் வரை: 3.20 மீ
எக்கோ சவுண்டர் காட்டும் ஆழம் (டிரான்ஸ்டியூசரிலிருந்து): 4.15 மீ
கடலடி: −88.40 − 3.20 − 4.15 = −95.75 மீ

அந்த இடத்தில் சார்ட் டேட்டம், அதாவது கடல் வரைபடத்தின் பூஜ்ய மட்டம், −91.30 என்றால் வரைபட ஆழம் 4.45 மீட்டர். ஓதம் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) தனியாகக் கழிக்க வேண்டியதில்லை, இதிலேயே அடங்கிவிட்டது.

சரி, இதை எப்படி நம்புவது? டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் 0.60 மீட்டர் இருக்கிறது என்றால் நீர்மட்டம் −91.00. துறைமுகச் சுவரில் உள்ள ஓத அளவுகோல் அப்போது 0.30 காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் சர்வேயைத் தொடங்காதீர்கள். பெரும்பாலும் டேட்டம் எண்ணோ டேப் அளவோதான் தப்பாக இருக்கும்.

5. பார் செக்: உலோகத் தட்டைச் சங்கிலியில் டிரான்ஸ்டியூசருக்குக் கீழே 2, 4 மீட்டர் என்று இறக்கி, சவுண்டரும் அதையே காட்டும்படி ஒலிவேகத்தைச் சரிசெய்யுங்கள். கடல்நீரில் அது நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். வெப்பமும் உப்பும் மாறினால் மாறும்.

6. பேக்ஹோ டிரெட்ஜரில் (மிதவையில் நின்று தோண்டும் இயந்திரம்) இரண்டு ஆன்டெனா வேண்டும், திசை தெரிவதற்கு. அதன் கையின் பாகங்களான பூம், ஸ்டிக், பக்கெட் ஒவ்வொன்றிலும் சாய்வு சென்சார் இருக்கும். தோண்டும் முன் பக்கெட்டின் பல் முனையில் ரோவர் கம்பத்தை (கையில் எடுத்துச் செல்லும் ரிசீவர் மாட்டிய கம்பம்) வைத்து அளந்து, ஆபரேட்டர் திரையில் தெரியும் உயரத்தோடு ஒப்பிடுங்கள். பல் மாற்றினால் மறுபடியும் இதே சோதனை.