கடற்போர் விளையாட்டில் வென்றது கப்பலா, ஓட்டியவரா? – தொடக்கநிலையினருக்கான செய்முறை

குளச்சல் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினின் வேகம் ஓட்டுபவரின் சிறு பிழைகளை மறைத்துவிடும், கட்டுமரத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதற்கோ, எந்த அலையை விட்டு எந்த அலையில் துடுப்புப் போட வேண்டும் என்ற கணக்கு கையில் பழகியிருக்க வேண்டும். ஆன்லைன் கடற்போர் விளையாட்டு உருவாக்குபவரும் கப்பலின் பலம், ஓட்டுபவரின் திறமை ஆகிய இவ்விரண்டையும் முதலில் பிரித்து அளக்க வேண்டும்.

ஒரு போர்க்கப்பல் 100 ஆட்டங்களில் 56இல் வென்றது என்று வைத்துக்கொள்வோம். உடனே அதன் பீரங்கியின் சேத அளவைக் குறைக்காதீர்கள். நண்பர்களுக்காக எழுதிய முதல் விளையாட்டில் நான் அப்படிக் குறைத்ததும், அந்தக் கப்பலை எவரும் தொடாமலே போனார்கள். 100 ஆட்டங்களில் வெற்றி விகிதம் தற்செயலாகவே ஏறத்தாழ 10 புள்ளி ஏறி இறங்கக்கூடும். 400 ஆட்டங்களில் அது 5 ஆகவும், 10,000 ஆட்டங்களில் 1 ஆகவும் சுருங்கும். போதிய ஆட்டங்கள் சேர்ந்தபின், அதே ஆட்கள் மற்றக் கப்பல்களில் எவ்வளவு வென்றார்கள் என்று பாருங்கள். அங்கும் 56 என்றால் கைதேர்ந்தவர்கள் அதை விரும்பி எடுக்கிறார்கள், அவ்வளவே. அங்கே 50 என்றால், மிச்சமுள்ள 6 கப்பலுடையது.

அடுத்து, ஆடுபவர்களை ரேட்டிங்படி, அதாவது திறமையைக் காட்டும் மதிப்பெண்படி, மூன்றாகப் பிரியுங்கள். சதுரங்கத்தின் எலோ முறையே இதற்குப் போதும். அதில் எதிராளியைவிட ரேட்டிங் 400 கூடுதலாக உள்ளவர் 10 ஆட்டங்களில் ஏறத்தாழ 9 வெற்றிப்புள்ளி எடுப்பார் என்பது கணக்கு. புதியவர் கையில் தோற்று, தேர்ந்தவர் கையில் மட்டும் அடித்து நொறுக்கும் கப்பலுக்குச் சேத அளவைக் குறைப்பது புதியவரை இன்னும் வதைக்கும். அங்கே திருக வேண்டியது திறமையைச் சோதிக்கும் அளவுகளை. 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் ஓடும் கப்பல் விநாடிக்குச் சுமார் 15 மீட்டர் நகரும். குண்டு வந்து சேர 10 விநாடி ஆனால், 115 மீட்டர் நீளமுள்ள நாசகாரிக் கப்பல் தன் முழு நீளத்தையும் தாண்டி 154 மீட்டர் போயிருக்கும், நீங்கள் வெறும் தண்ணீரைச் சுட்டிருப்பீர்கள். பறக்கும் நேரத்தை 5 விநாடியாக்கினால் முன்கணிக்க வேண்டிய தூரம் 77 மீட்டராகிறது. புதியவரும் அடிக்கத் தொடங்குவார். அதே கையோடு ரீலோடு நேரத்தை, அதாவது அடுத்த குண்டை நிரப்பும் நேரத்தை, கூட்டினால், தேர்ந்தவர் அளவுக்கு மீறிப் போகமாட்டார்.

வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் என்னும் ஆன்லைன் கடற்போர் விளையாட்டு இச்சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தது. அதில் விமானந்தாங்கிக் கப்பலை எடுத்தவர் பல விமானப் பிரிவுகளை ஒரே நேரத்தில், மேலிருந்து பார்த்தபடி ஏவ வேண்டியிருந்ததால், தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தது. 2019இன் தொடக்கத்தில், ஒரு நேரத்தில் ஒரு பிரிவை மட்டும் நேரடியாக ஓட்டும்படி அதை மாற்றினார்கள். ஆட்டக்காரர்கள் பலருக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை என்றாலும், கைவைத்த இடம் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

இரு அணிக்கும் ஒரே வகைக் கப்பல்களைச் சம எண்ணிக்கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஓர் அளவை மட்டும், பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மாற்றுங்கள். எங்கள் கரையில் மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று ஆடவருவோர் கூட்டம் வேறு. ஆகவே திங்கள் முதல் ஞாயிறு வரை முழு வாரம் ஓடிய பிறகே முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள்.