உறைபனி இறங்குவதற்குள்: ஊட்டி வீட்டுத் தோட்டத்தில் கடைசிப் பூக்களைக் காப்பாற்றும் முறை

ஐப்பசி மழை ஓய்ந்து, விடிகாலையில் புல்லெல்லாம் நீர்ப்பனியில் நனைந்து கிடக்க ஆரம்பித்தால், அடுத்து உறைபனிதான். ஊட்டியில் பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், மழை நீண்டால் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த நேரத்தில் டேலியாவில் இன்னும் பத்து மொட்டாவது இருக்கும், செவ்வந்தி அப்போதுதான் நிறம் காட்டத் தொடங்கியிருக்கும். புதிதாகச் செடி வைத்தவர்கள் பலர் இரண்டாவது சீசன் (செப்டம்பர், அக்டோபர் சுற்றுலாக் காலம்) முடிந்ததுமே தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். குளிரில் விரியும் பூ மெதுவாக விரிந்து, நிறம் அழுத்தமாகி, வெயில் காலத்துப் பூவைவிட அதிக நாள் செடியிலேயே நிற்கும். ஒரு மாதம் கூடுதலாகப் பூ பார்க்க என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது தாங்கும், எது தாங்காது

முதலில் உங்கள் செடிகளை மனதுக்குள் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். டேலியா, மேரிகோல்டு, சால்வியா, ஜினியா, பிகோனியா, பால்சம் இவையெல்லாம் ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். பான்சி, காலண்டுலா, ஆன்டிரைனம், டயாந்தஸ், அலிசம் லேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். செவ்வந்தி நடுவில்: செடி பிழைக்கும், விரிந்த பூவின் இதழ்கள் பழுப்பாகிவிடும். துணி போட்டு மூடும் உழைப்பெல்லாம் முதல் கூட்டத்துக்கும் செவ்வந்திக்கும் மட்டும் போதும், பான்சிக்குப் போர்த்திக்கொண்டிருக்க வேண்டாம்.

2. பனி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாக இருக்கும்போது மேட்டில் இருக்கும் வீடுகளில் ஒன்றுமே இல்லாததற்குக் காரணம் இதுதான். உங்கள் தோட்டத்துக்குள்ளும் இதே கதைதான். சரிவின் கீழ்ப்பக்கம் காம்பவுண்டுச் சுவர் இருந்தால், குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் சுவர் ஓரமாகவே நிற்கும். தொட்டிகளை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். தாழ்வாரத்துக்குக் கீழே, வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் தெளிந்த வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் இலைதான் வேகமாகச் சூட்டை இழக்கிறது.

செவ்வந்தி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ராத்திரி முழுக்க விளக்கு எரியும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். இரவு நீளமானால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும், வெளிச்சம் பட்டால் அதற்கு இரவு குறைந்த கணக்கு. எங்கள் வீட்டு வாசல் பல்புக்குக் கீழே இருந்த இரண்டு தொட்டிகள் இலையும் தழையுமாகத் தளதளவென்று நின்றன, பத்தடி தள்ளி இருட்டில் இருந்தவை முழுக்கப் பூத்துவிட்டன. செடி ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். காரணம் புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

3. வாடிய பூவைக் கிள்ளுங்கள், மொட்டைக் கிள்ளிவிடாதீர்கள்

பூ விதையாக மாறத் தொடங்கினால் செடியின் சத்து அந்தப் பக்கம் போய்விடும், புது மொட்டு குறையும். அதனால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வாடியதை எடுக்க வேண்டும். மேரிகோல்டில் குழப்பம் இல்லை. டேலியாவில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள், இதழ் உதிர்ந்த பூவும் விரியாத மொட்டும் பார்க்க ஒரே மாதிரி பச்சையாக இருக்கும். விரலில் பிடித்துப் பாருங்கள்: புது மொட்டு உருண்டையாக, கெட்டியாக இருக்கும், மேல்பக்கம் தட்டையாக. முடிந்துபோன பூ கூம்பு மாதிரி நுனி நீண்டு, அழுத்தினால் மெத்தென்று, சில நேரம் ஈரமும் கசியும். கூம்பை எடுங்கள், உருண்டையை விடுங்கள். எடுக்கும்போது பூவின் கழுத்தில் வெட்டாமல், காம்போடு கீழே அடுத்த இலைக்கணு வரை போய் வெட்டினால் பக்கக் கிளை நன்றாக வரும்.

4. உரமும் தண்ணீரும்

அக்டோபருக்குப் பிறகு யூரியா, சாண உரம் எதுவும் வேண்டாம். இளந்தளிர் வந்தால் பனிக்கு முதலில் பலியாவது அதுதான். தண்ணீரைக் காலையிலோ மதியத்துக்குள்ளோ மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். ஈரமண் பகல் வெயிலை அதிகமாகப் பிடித்து வைத்து இரவில் விடும், காய்ந்த மண்ணுக்கு அது முடியாது.

5. மூடுவது

எந்த இரவு என்பதைச் சாயங்காலமே சொல்லிவிடலாம். வானத்தில் மேகமே இல்லை, காற்று அசையவில்லை, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது என்றால் அன்றைக்குத் துணியை எடுங்கள். வானிலை அறிக்கையில் 4 டிகிரி என்று போட்டிருந்தாலும் தரைமட்டத்தில் 0 ஆகிவிடலாம்.

தாவரவியல் பூங்காவில் இந்த மாதங்களில் போனால் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைத்திருப்பதைப் பார்க்கலாம். வீட்டில் பழைய பருத்திப் புடவை, வேட்டி, சாக்கு போதும். செடியைச் சுற்றி நாலு குச்சி நட்டு, அதன்மேல் போடுங்கள், துணி பூவைத் தொடக் கூடாது. ஓரம் தரைவரை தொங்க வேண்டும், இது முக்கியம், மண்ணிலிருந்து எழும்பும் சூட்டை உள்ளே நிறுத்தத்தான் துணியே. செடியின் தலையில் மட்டும் துணியைச் சுற்றிக் கழுத்தில் கட்டினால் பயன் இல்லை. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், அது தொட்ட இலை அத்தனையும் கருகும். வெயில் ஏறித் தரை காய்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

மறந்துபோய் மூடாமல் விட்டு, காலையில் இலைமேல் வெள்ளை படிந்திருந்தால், வெயில் படுவதற்கு முன்பே பூவாளியால் தண்ணீர் தெளித்துப் பனியை மெதுவாகக் கரைக்கலாம். எல்லாச் செடியும் பிழைக்காது, சில பிழைக்கும்.

6. கருகிய பிறகு

ஒருநாள் டேலியா கருத்துத் தொங்கும். பிடுங்கி எறியாதீர்கள், கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது. தண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்து கிழங்கைச் சேதமில்லாமல் தோண்டி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். நம் ஊரில் மண் உறையாது, அதனால் தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தியாக இருந்தால் அப்படியே விடலாம். தாழ்வான பாத்தியில் அழுகிவிடும். மாசியில் கண் முளைக்கிறதா என்று மணலை விலக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.