ஆடிக் குளிரில் வீட்டு வெப்பம் எந்த வழியாகப் போகிறது: வெப்பப்படக் கருவியால் கண்டறியும் முறை

தென்னாப்பிரிக்காவின் ஜொகனஸ்பர்க் நகரைச் சேர்ந்த லெனேசியாவில் உள்ள எங்கள் வீட்டில் ஆயாவின் அறை மட்டும் குளிர்காலம் முழுவதும் சில்லிட்டே கிடந்தது. எண்ணெய் ஹீட்டரை இரவெல்லாம் ஓடவிட்டாலும், கதவுக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்தாலும், விடியற்காலையில் அவர் எழுந்து உட்காரும்போது இரண்டு கம்பளிகளுக்குள்ளும் கைகள் விறைத்திருக்கும். சுவர் போதாது என்றார் ஒருவர். ஜன்னல்களை மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டுமே பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள். எதையும் இடிப்பதற்கு முன்னால் வெப்பம் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம் என்று எண்ணி, ஒரு வெப்பப்படக் கருவியை இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தேன். அப்போது கற்றதையும், பிறகு உறவினர் வீடுகளில் அதே வேலையைச் செய்து தெரிந்துகொண்டதையும், இந்த உயர்சமவெளியில் குளிரோடு போராடும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கருவி எதைக் காட்டுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்பு முடியும் இடத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்துக் கண்டுகொண்ட கதிர்களின் இனம்தான் இவையும். வீடுகளைச் சோதிக்கும் கருவிகள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தைப் பதிவு செய்கின்றன. அவை சுவரை ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே நிறங்களாக மாற்றித் தருகின்றன. பின்னால் வெப்பக்காப்பு விடுபட்டிருந்தாலோ, காற்று புகுந்தாலோ, ஈரம் தங்கியிருந்தாலோ, அதன் தடயம் மேற்பரப்பில் சில டிகிரி வேறுபாடாகத் தெரியும். நீலத் திட்டு ஒன்று தெரிந்தவுடன் குறை கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், அந்த இடம் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதை வேறொரு வழியில் உறுதிசெய்த பிறகே பழுதுபார்ப்பில் இறங்க வேண்டும்.

படங்கள் நம்பத்தக்கவையாக அமைய, வீட்டின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் குறைந்தது 10 டிகிரி செல்சியஸ் வேறுபாடு பல மணி நேரம் நிலைத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜொகனஸ்பர்க்கில் ஜூன், ஜூலை இரவுகளின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரியை ஒட்டியே இருப்பதாலும், அந்த மாதங்களில் மழை அநேகமாக இல்லாததாலும், ஆனி மாதமும் ஆடியின் முதற்பகுதியும் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. கோயில்களில் கூழ் வார்த்து முடிந்து ஆகஸ்ட் நடுப்பகுதியை நெருங்கும்போது இங்கேயும் காற்று எழுந்துவிடும். அம்மியைப் பறக்கவைக்கும் அந்தக் காற்று, வெளிச்சுவர் முழுவதையும் ஒரே சீராகக் குளிரவைத்து, நாம் தேடும் வேறுபாடுகளை மறைத்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுத்த பிறகு நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் பகுதியின் பழைய வீடுகள் பெரும்பாலும் இரட்டைச் செங்கல் சுவர் கொண்டவை. பகலில் வெயில் பட்ட சுவர் அந்த வெப்பத்தை இரவின் பெரும்பகுதி வரை பிடித்து வைத்திருக்கும். தமிழ்நாட்டுப் பழக்கத்தில், வெயிலைப் பிடித்து வைத்திருப்பது தெற்குச் சுவர் என்று எண்ணக் கூடாது. பூமியின் தென்பாதியில் குளிர்கால வெயில் வடக்குச் சுவரில்தான் விழுகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் ஏறத்தாழ 6.50 மணிக்கே எழுவதால், அதிகாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட நேரமே சிறந்தது. தூக்கம் கெடும் என்பது உண்மைதான். ஆனாலும் மாலை 7 மணிக்கு எடுத்த படங்களையும் விடியலுக்கு முன் எடுத்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, மாலைப் படங்களை நான் மீண்டும் எடுப்பதில்லை.

முந்தைய மாலையிலேயே வீட்டைத் தயார் செய்ய வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியையும் கட்டிலையும் நகர்த்திவிட்டால், அவற்றின் பின்னால் இருந்த சுவர் அறையின் வெப்பத்துக்கு வந்து சேர இரவு முழுவதும் கிடைக்கும். அறைகளுக்கு இடையிலுள்ள கதவுகளைத் திறந்துவைத்து, ஹீட்டர்களை இரவு முழுவதும் ஒரே அளவில் ஓடவிட்டு, உள்ளே 18 டிகிரியையாவது எட்டச் செய்யுங்கள். உங்கள் பகுதியில் அன்றிரவு மின்வெட்டு உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்; நடுவில் இரண்டு மணி நேரம் ஹீட்டர் நின்றால் அந்த இரவு வீண். எரிவாயு ஹீட்டரையோ பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டரையோ இதற்காக இரவில் எரியவிட்டுத் தூங்கக் கூடாது. மின்சார ஹீட்டரே போதும்.

கருவியைப் பொறுத்தவரை, கைபேசியோடு இணைக்கும் சிறு கருவிகளில் 80-க்கு 60 புள்ளிகள் கொண்டவை அருகில் நின்று பார்க்க உதவும். ஓர் அறையின் சீலிங் முழுவதையும் ஒரே படத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் 160-க்கு 120 புள்ளிகளாவது தேவை. உமிழ்திறன் (ஒரு மேற்பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக் கதிர்களை வெளிவிடுகிறது என்பதன் அளவு) என்ற அமைப்பை 0.95-இல் வையுங்கள், சுண்ணம் அடித்த சுவர், செங்கல், மரம் ஆகியவற்றுக்கு அது ஏறத்தாழச் சரியாக இருக்கும். அதைவிட முக்கியமானது நிற வரம்பு. தானியங்கி அமைப்பில் விட்டுவிட்டால், வெறும் ஒரு டிகிரி வேறுபாட்டைக்கூடக் கருவி அடர்நீலமும் செஞ்சிவப்புமாக விரித்துக் காட்டி, நல்ல சுவரையும் ஓட்டைச் சுவர்போல் தோன்றச் செய்யும். வரம்பை, எடுத்துக்காட்டாக 8 முதல் 20 டிகிரி வரை, கையால் பூட்டிவிட்டு எல்லா அறைகளையும் அதே வரம்பில் எடுங்கள். அப்போதுதான் ஓர் அறையை இன்னோர் அறையோடு ஒப்பிட முடியும். வெப்பப் படம் எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் சாதாரணப் படம் ஒன்றையும் எடுத்து, நேரத்தையும் உள், வெளி வெப்பநிலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது எந்த மூலை எந்த அறையினுடையது என்று நினைவிருக்காது.

சீலிங்கிலிருந்து தொடங்குங்கள். வெப்பத்தை இழப்பதில் நம் வீடுகளில் இதற்கு ஈடான இடம் வேறில்லை. தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளில் ஆற்றல் பயன்பாட்டைப் பற்றிய பகுதியான சான்ஸ் 10400-எக்ஸ்ஏ 2011-இல் வந்தபோது, ஜொகனஸ்பர்க் அடங்கும் குளிர் மண்டலத்தில் கூரை அமைப்பின் மொத்த வெப்பத்தடை எண் (இது கூடக் கூட வெப்பம் வெளியேறுவது குறையும்) குறைந்தது 3.7 இருக்க வேண்டும் என்று வகுத்தது. வெப்பக்காப்பே இல்லாத ஓட்டுக் கூரைக்கும் மெல்லிய சீலிங் பலகைக்கும் சேர்த்து அந்த எண் ஏறத்தாழ 0.4 மட்டுமே. பரப்பை வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கித் தடை எண்ணால் வகுத்தால் இழப்பு வாட் கணக்கில் கிடைக்கும். 16 சதுர மீட்டர் அறையில் 14 டிகிரி வேறுபாடு இருந்தால், காப்பில்லாத சீலிங் வழியாக 560 வாட்டும், முழுமையான காப்புள்ள சீலிங் வழியாகச் சுமார் 60 வாட்டும் வெளியேறும். இனி, காப்பு போட்ட அதே சீலிங்கில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.6 சதுர மீட்டர் மட்டும் விடுபட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். அந்தச் சிறு இடம் ஒன்றே 56 வாட்டை வெளியேற்றி, மொத்த இழப்பை ஏறத்தாழ 110 வாட்டாக உயர்த்திவிடும். பத்தில் ஒரு பங்கு இடைவெளி இழப்பை இரண்டு மடங்காக்கும் நெருக்கத்துக்குக் கொண்டுபோவதால்தான், கூரைக்குள் எட்டிப் பார்த்துக் காப்புப் பஞ்சு இருக்கிறது என்று திருப்தி அடையாமல், அது எங்கெல்லாம் இல்லை என்று கருவியால் தேடச் சொல்கிறேன்.

ஆயாவின் அறையில் நடந்தது இதுவே. சீலிங்கின் தெற்கு மூலையில், கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே, மற்ற இடங்களைவிட நான்கைந்து டிகிரி குறைவாக, ஓரங்கள் நேர்கோடாக வெட்டினாற்போல் ஒரு நீண்ட சதுரம் தெரிந்தது. பகலில் மேலே ஏறிப் பார்த்தபோது, முந்தைய ஆண்டு கூரைக்குள் இருக்கும் கீசரை (வெந்நீர்க் கலனை) மாற்ற வந்தவர் வழிக்காகக் கண்ணாடியிழைப் பஞ்சைச் சுருட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, திரும்ப விரிக்காமலே போயிருந்தது தெரிந்தது. சுவரையும் ஜன்னலையும் மாற்றியிருந்தால் அந்த மூலை அப்படியேதான் இருந்திருக்கும் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது. காப்பு விடுபட்ட இடங்கள் இப்படி நேர் ஓரங்களோடு, மரச்சட்டங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூரைக்குச் செல்லும் சிறு கதவு, சுவரும் சீலிங்கும் சேரும் ஓரம், பதிக்கப்பட்ட விளக்குகள் ஆகியவற்றையும் தவறாமல் பாருங்கள். ஹாலஜன் விளக்குகளைச் சுற்றித் தீ ஆபத்துக்காகவே இடைவெளி விட்டிருப்பார்கள். அதன்மேல் பஞ்சைத் தள்ளாமல், காப்பு மூடத் தகுந்தது என்று குறிக்கப்பட்ட எல்இடி விளக்குகளாக மாற்றிய பிறகு மூடுங்கள்.

காற்றுக் கசிவின் அடையாளம் வேறு மாதிரியானது. அது நேர் ஓரங்களோடு தெரியாமல், கசியும் இடத்திலிருந்து இறகு விரிந்தாற்போல் சுவரில் படரும். பழைய இரும்புச் சட்ட ஜன்னல்களின் விளிம்பிலும், வெளிக்கதவின் அடியிலும், கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவைச் சுற்றியும் இதை அடிக்கடி காணலாம். சமையலறை, குளியலறை விசிறிகளை வெளிநோக்கி ஓடவிட்டு மற்ற ஜன்னல்களை மூடினால், வெளிக்காற்று விரிசல்கள் வழியாக உள்ளே இழுக்கப்பட்டுப் படத்தில் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்தில் எரிவாயு அடுப்போ விறகு அடுப்போ எரியக் கூடாது, ஏனெனில் புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்பும். தொழில்முறைச் சோதனையாளர்கள் கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் இதையே செய்கிறார்கள். நமக்கு ஓர் ஊதுபத்தி போதும். படத்தில் இறகு தெரிந்த இடத்தில் அதைப் பிடித்தால், கசிவு உண்மையாயின் புகை பக்கவாட்டில் சாயும்.

கருவி ஏமாற்றும் இடங்களையும் சொல்ல வேண்டும். கண்ணாடி இந்த அலைநீளக் கதிர்களைத் தன் வழியே விடாமல் ஓரளவு எதிரொளிக்கிறது. ஆகவே ஜன்னலில் தெரியும் வெப்பத் திட்டு பெரும்பாலும் உங்கள் உருவமே. நீங்கள் ஒரு பக்கம் நகரும்போது திட்டும் நகர்ந்தால் அது எதிரொளிப்பு. பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் மிகக் குறைவு என்பதால் அதன்மேல் காட்டும் எண்ணை நம்பாமல், ஒரு துண்டு மின்காப்பு நாடாவை ஒட்டி, சற்றுப் பொறுத்து நாடாவின்மேல் அளவிடுங்கள். தகரக் கூரையை வெளியிலிருந்து படம் எடுப்பதில் பயனில்லை. தெளிந்த இரவில் அது வானத்தின் குளிரை எதிரொளித்து, நம்ப முடியாத எண்களைக் காட்டும். நனைந்த சுவரும் ஆவியாதலால் குளிர்ந்து காப்பில்லாத இடம்போல் தோன்றும். அதன் ஓரம் ஒழுங்கின்றிக் கறைபோல் இருந்தால், ஈரமானி வைத்துப் பார்த்துவிட்டு, கசியும் குழாயைத் தேடுங்கள்.

கீசரைப் பார்க்காமல் எந்தச் சோதனையும் முடிவதில்லை. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் உறவினர்களுக்கும் இது பொருந்தும். டர்பனின் மிதமான குளிர்காலத்தில் சீலிங் இழப்பு பெரிதல்ல என்றாலும், கூரைக்குள் இருக்கும் கீசர் ஆண்டு முழுவதும் வெப்பத்தைச் சிந்திக்கொண்டேதான் இருக்கும். இரண்டு மணி நேரம் யாரும் வெந்நீர் திறக்காமல் இருந்த பிறகு படம் எடுங்கள். கீசரிலிருந்து புறப்படும் முதல் சில மீட்டர் குழாய் பளிச்சென்று ஒளிர்ந்தால் அதற்குக் குழாய்க் காப்பு தேவை. வால்விலிருந்து கூரைக்கு வெளியே செல்லும் வடிகுழாய் தொடர்ந்து சூடாக இருந்தால் வால்வு கசிகிறது. அதை உரிமம் பெற்ற பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.

பழுதுபார்க்கும்போது சீலிங் இடைவெளிகளை முதலிலும், கீசர் குழாய்களை அடுத்தும், கதவு, ஜன்னல் விளிம்புகளை அதன் பிறகும் சரிசெய்யுங்கள். சுவர்களைக் கடைசியில் யோசித்தால் போதும். கூரைக்குள் மரச்சட்டங்களின் மேல் மட்டுமே காலை ஊன்றுங்கள். கண்ணாடியிழைப் பஞ்சைத் தொட முகமூடியும் கையுறையும் வேண்டும். பழைய வீடுகளின் காற்றுச் செங்கற்கள் (காற்றோட்டத்துக்காகத் துளையிட்ட செங்கற்கள்) படத்தில் கருநீலமாகத் தெரிந்தாலும், எரிவாயுவோ பாரஃபினோ எரியும் அறையில் அவற்றை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைப் பறிக்கும். லெனேசியாவிலும் பெனோனியின் ஆக்டன்வில்லிலும் பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகள் இருக்கக்கூடும். 2008-இல் நாடு ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்துவிட்டாலும் ஏற்கெனவே போட்டவை அப்படியே நிற்கின்றன. அவற்றைத் துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். கீழிருந்து படம் எடுப்பதில் ஆபத்தில்லை.

வேலை முடிந்ததும், அதே அளவு குளிர்ந்த இன்னோர் அதிகாலையில், அதே நிற வரம்பைப் பூட்டி, அதே இடங்களில் நின்று மீண்டும் படம் எடுங்கள். பஞ்சை முழுவதும் விரித்த பிறகும் சீலிங்கில் சம இடைவெளியில் மெல்லிய குளிர்ந்த கோடுகள் தெரியும். அவை மரச்சட்டங்கள், மரம் பஞ்சைவிடச் சற்று எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால் அப்படித் தெரிகின்றன. அதைக் குறையென்று எண்ணி மறுபடியும் மேலே ஏற வேண்டியதில்லை.