கடைவீட்டு ஹோட்டலில் கல்யாணம்: படமெடுப்பவர் கவனத்துக்கு

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார், கியோங் சைக் ரோடு, டக்ஸ்டன் பக்கம் இருக்கும் சிறிய அலங்கார ஹோட்டல்களில் பல, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகளை ஒன்றுசேர்த்து உருவானவை. வாசலில் கூரை போட்ட நடைபாதையான ஐந்தடிப் பாதை, உள்ளே நீளவாக்கில் ஓடும் கூடம், நடுவில் வெளிச்சத்துக்காக விட்ட திறந்த முற்றம். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கடைவீட்டின் அகலம் 5, 6 மீட்டர் அளவுதான் வரும். சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பழகிய கை இங்கே தடுமாறும். பின்னால் நகர்ந்து நிற்க இடமில்லை, விளக்கு மங்கல், கூரைக்குப் பல இடங்களில் கறுப்புச் சாயம் அடித்திருப்பார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். முகூர்த்தம் காலை 9 மணி என்றால் 9 மணிக்கே போக வேண்டும், மாலையில் போய்ப் பார்த்து பயனில்லை. கையில் அளவு நாடா இருக்கட்டும். 35 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் போட்டால், எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறீர்களோ ஏறத்தாழ அத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் விழும். 24 மி.மீ. லென்ஸில் அது ஒன்றரை மடங்கு. மேடைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே 4 மீட்டர்தான் என்றால் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடலாம். 24-70, அதோடு ஒரு 35, ஒரு 85 போதும்.

அதே நாளில் ஹோட்டல் நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகள். ஓமம் வளர்க்க அனுமதி உண்டா? புகை கண்டறியும் கருவி தலைக்கு மேலேயே இருக்கும். அனுமதி கிடைக்காத இடங்களில் விளக்கை மட்டும் ஏற்றிச் சடங்கை முடிப்பார்கள், அப்போது ஓமப்புகையை நம்பிப் போட்ட திட்டமெல்லாம் வீண். அடுத்தது, மேடை விளக்குகளைத் தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா, அதற்கான ஸ்விட்ச் யார் கையில்? அந்த ஊழியரின் கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாகனம் நிறுத்த இடமும் இருக்காது. சக்கரம் வைத்த ஒரே பையில் எல்லாம் அடங்கட்டும்.

வெளிச்சம்தான் இங்கே பெரிய தலைவலி. கூரை விளக்குகள் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) வரை மஞ்சளாக எரியும், ஜன்னலில் வருவது 5500. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்தினாலும் முழுசாகச் சரியாகாது. மணப்பெண் அலங்கார அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னலை மட்டும் நம்புங்கள். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, முகத்தை அரைவாசி ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வையுங்கள். பழைய மரச்சட்ட ஜன்னலைப் பாதி திறந்தால் முகத்தில் வரிவரியாக நிழல் விழும், முழுக்கத் திறக்க வேண்டும்.

மேடையில் ஜன்னல் இல்லையென்றால் ஃபிளாஷ். கறுப்புக் கூரையில் பட்டு வெளிச்சம் திரும்பி வராது. சுவர் பச்சையோ சிவப்போ என்றால் அந்த நிறமே முகத்தில் வந்து ஒட்டும். அதனால் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில் வெள்ளைக் குடையோடு, மேடையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே சாய்வாக வையுங்கள். அதற்கு ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) மாட்டி, கேமராவின் நிறச் சமன்பாடான ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் நிறுத்தினால் ஃபிளாஷும் கூரை விளக்கும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். ஸ்டாண்டின் காலில் மணல்பை கட்டாயம். பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைகள் அந்தக் காலைச் சுற்றித்தான் ஓடும்.

சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறாதீர்கள். சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரம் குறைந்த எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும், அதன் கீழே படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டர், 1/100 நொடி என்பது பாதுகாப்பு. அதைவிட வேகம் வேண்டுமென்றால் இடம் பார்க்கப் போகும் அன்றே பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டியில் இருப்பார். கேமரா தானாக அளந்தால் வேட்டியைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். மேனுவலில் முகத்துக்கு அளந்து வையுங்கள். அரக்கு நிறக் காஞ்சிபுரம் புடவைக்குத் தொல்லை வேறு வகை. கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் நெசவெல்லாம் அழிந்து வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலாக எடுங்கள்.

பதிவுத் திருமணமும் இதே கூடத்தில்தான் என்றால் மேசையை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போடவிடாதீர்கள். மேசைப் பூ அலங்காரம் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போனால் மோதிரம் மாற்றும் கைகளை மறைக்கும். 2021 முதல் திருமணச் சான்றிதழ் மின்வடிவில் வருகிறது. மேசையில் கையில் பிடித்துக் காட்ட என்ன இருக்கும் என்று தம்பதியிடம் முன்னமே கேளுங்கள்.

இனி தாலி. மேளக்காரர்கள் கெட்டிமேளம் எடுத்தவுடன் கூட்டம் எழுந்துவிடும். அட்சதை தூவும் கைகளும் கைபேசிகளும் உங்கள் லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்கும். நடுப்பாதையில் நின்றவருக்குப் படம் இல்லை. மேடை ஓரத்திலேயே, மாப்பிள்ளையின் முழங்கை மணப்பெண்ணின் முகத்தை மறைக்காத பக்கமாக, ஒரு முழங்காலை ஊன்றி முன்கூட்டியே உட்கார்ந்துவிடுங்கள். அது எந்தப் பக்கம், யார் எங்கே நிற்பார் என்பதை ஐயரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். 35 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 4, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200. ஃபோகஸ் மணப்பெண்ணின் கண்ணில் இருக்கட்டும், முடிச்சில் வேண்டாம். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டதும் நாத்தனார் பின்னாலிருந்து குனிவார். பலர் அதற்குள் கேமராவைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அந்தக் குனிதல்தான் மாப்பிள்ளை வீட்டார் பின்னால் தேடிக் கேட்கும் படம்.

தாலித் தட்டை ஆசிக்காகச் சுற்றுக்கு விடுமுன் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி எடுத்துவிடுங்கள். மஞ்சள் கயிறு, தேங்காயின் குடுமி, குங்குமத்தின் மேல் சிந்திய ஒரு அரிசி. எதையும் கையால் தொட்டு நகர்த்தாமல், நீங்கள் நகர்ந்து எடுங்கள். சுற்றிவிட்டு வந்த தட்டில் அந்த ஒழுங்கு இருக்காது.

குடும்பப் படத்துக்குக் கணக்கு சுலபம். மாலையும் பட்டுமாக ஒருவருக்கு 60 செ.மீ. 5 மீட்டர்க் கூடத்தில் ஒரு வரிசைக்கு 8 பேர், அதற்குமேல் திணித்தால் ஓரத்து அத்தையின் முகம் இழுபட்டுத் தெரியும். முற்றத்துப் படிகளில் மூன்று வரிசையாக நிறுத்தி எஃப் 8. ஆனால் உச்சி நேரத்தில் முற்றம் வேண்டாம். பூமத்தியரேகை வெயில் தலைக்கு நேர் மேலிருந்து இறங்கிக் கண்ணைக் குழியாக்கும்.

மாலையில் தம்பதியை வெளியே அழைத்துப்போக ஆன் சியாங் ஹில் நல்ல இடம். அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு நடந்து இறங்கினால் 1827-இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம் பின்னணியில் கிடைக்கும். கேமரா ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் பனிபூத்துவிடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும், அந்த நேரத்தில் லென்ஸை மாற்றினால் ஈரம் உள்ளேயும் போகும். புறப்படுவதற்கு அரைமணி முன்பே பையை மூடியபடி ஐந்தடிப் பாதையில் ஒருவர் காவலில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு உதித்து 7 மணிக்கு மறைகிறது, ஆகவே பகலின் எட்டாம் பங்கான ஞாயிறு ராகு காலம் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை வரும். ஊர்க் காலண்டரின் நாலரை-ஆறு இங்கே பொருந்தாது. பொன்வெயில் விழும் நேரமும் அதுவே. பெரியவர்கள் அந்த நேரத்தில் புதுத் தம்பதி வாசல் தாண்டுவதை விரும்பமாட்டார்கள், வாதாடாதீர்கள். ஐந்தேகாலுக்கே வெளியே கொண்டுவந்துவிடுங்கள், அல்லது ஏழு அடித்ததும் மொட்டைமாடிக்குப் போங்கள். வானம் நீலமாக நிற்பது அதன்பின் 20 நிமிடம்தான். முதலில் வானத்துக்கு அளந்து ஒரு ஸ்டாப் இருட்டாக்கி, பிறகு ஃபிளாஷை 1/16 பலத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போய் முகம் சரியாக வந்த இடத்தில் நிறுத்துங்கள்.